சாவித்துவார முறையில் சிறுநீரகம் கொடுப்பது: திருக்கடலூர்த் தம்பிக்கு ஒரு பதில்

திருகோணமலை, திருக்கடலூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு 38 வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது, கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். அம்மாவும் ஒன்று கொடுக்கத் தயார், 31 வயதான தம்பியும் தயார். இப்போதெல்லாம் கீஹோல் (சாவித்துவார) முறையில்தான் எடுக்கிறார்கள், மூன்று நாளில் வீட்டுக்கு வரலாம், தழும்புகூடத் தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, எப்போது திரும்பக் கடலுக்குப் போகலாம், வலை இழுக்கலாமா, நாளைக்குக் கல்யாணம், பிள்ளை என்று வரும்போது பிரச்சினை வருமா, அம்மா கொடுப்பது நல்லதா நான் கொடுப்பது நல்லதா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் சத்திரசிகிச்சைக்கூடத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வைத்தியர் இல்லை. உங்கள் அண்ணனின் கோப்பையும் நான் பார்க்கவில்லை. மேசைப் பக்கத்தில் நின்று பார்த்ததையும், கொடுத்தவர்கள் பிறகு கிளினிக்கில் வந்து சொன்னதையும், இதைப்பற்றி வந்த ஆய்வுகளில் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொன்னவர் பாதி சரி. மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு வருவது நடக்கக்கூடியதுதான். தழும்பு தெரியாது என்பது சரியில்லை. சிறுநீரகம் ஏறக்குறைய 11 சென்டிமீற்றர் நீளம். அது முழுசாக, நாடியும் (இரத்தம் கொண்டுவரும் குழாய்) நாளமும் (இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) சிறுநீர்க்குழாயும் சேதப்படாமல் வெளியே வர வேண்டும். ஒரு சென்டிமீற்றர்த் துளையால் அது வராது. ஆகவே கமராவுக்கும் கருவிகளுக்கும் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு உள்ளே வேலையை முடித்தாலும், கடைசியில் அடிவயிற்றில் 6 முதல் 8 சென்டிமீற்றர் வரை ஒரு வெட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். சிசேரியனுக்கு வெட்டும் அதே இடம், உள்ளாடைக்குள் மறைந்துவிடும். அதனால்தான் பார்ப்பவர்கள் தழும்பு இல்லை என்கிறார்கள்.

இந்தச் சிக்கல்தான் இந்த முறையை ஐந்து வருடம் தாமதப்படுத்தியது என்றும் சொல்லலாம். 1990இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் என்பவர் முதல் தடவையாகக் கமரா வழியாக ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். அது கட்டி வந்த சிறுநீரகம். உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுத் துண்டாக்கி எடுத்துவிட்டார். இன்னொருவருக்குப் பொருத்தப்போகிற சிறுநீரகத்தை அப்படிச் செய்ய ஏலாது. 1995இல் பால்ட்டிமோரில் லொயிட் ரட்னரும் லூயிஸ் கவூசியும்தான் முதல் தடவையாகக் கொடையாளர் ஒருவரிடமிருந்து இந்த முறையில் முழுச் சிறுநீரகத்தை எடுத்துப் பொருத்தக் கொடுத்தார்கள். அதற்கு முன்னே 1954இல் பொஸ்டனில் ஜோசப் மரே குழுவினர் இரட்டைச் சகோதரர்களுக்கிடையே செய்த முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சையிலிருந்து நாற்பது வருடமாக எல்லாமே திறந்த முறைதான்.

திறந்த முறை எப்படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு அதுவே கிடைக்கலாம். பக்கவாட்டில் விலா எலும்புக்குக் கீழே 15, 20 சென்டிமீற்றர் வெட்டு. வயிற்றுப் பக்கத் தசை மூன்று அடுக்கையும் வெட்டுவார்கள். சில வேளை 12ஆவது விலா எலும்பின் ஒரு துண்டையும் எடுப்பார்கள். சிறுநீரகம் எடுத்ததால் வரும் வலி பெரிதில்லை. தசை வெட்டியதும், விலாவுக்குக் கீழே ஓடும் நரம்பு இழுபட்டதும்தான் ஆளைப் படுத்தும். இருமினால் வலி, திரும்பிப் படுத்தால் வலி. சிலருக்கு அந்தப் பக்கம் நிரந்தரமாக மரத்துப்போகும், சிலருக்குத் தசை தளர்ந்து பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அக்காலத்தில் கொடுத்தவர்கள் பலர் "அண்ணன் என்னைவிடக் கெதியாக எழும்பி நடந்துவிட்டார்" என்று சொல்வார்கள். வாங்கியவரின் வெட்டு அடிவயிற்றின் ஒரு பக்கம். அது அவ்வளவு நோகாது.

சாவித்துவார முறை இந்தத் தசைவெட்டைத்தான் தவிர்க்கிறது. அதன் பெரிய லாபம் இதுதான். வலி குறைவு, வலி மருந்து குறைவு, படுக்கை நாள் குறைவு, வேலைக்குத் திரும்பும் காலம் குறைவு. பொருத்தப்படும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, ஆரம்ப வருடங்களில் இந்த முறையில் எடுத்தவை சற்று மெதுவாக வேலை தொடங்கின, சிறுநீர்க்குழாயில் சிக்கல்களும் கூட இருந்தன. குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பில்தான் அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் ஓடுகின்றன. அதை வழித்தெடுக்கக்கூடாது என்று கைகள் பழகியபின் அந்தக் குறை போய்விட்டது. இன்று அனுபவமுள்ள குழு எடுத்தால் இரண்டு முறையிலும் சிறுநீரகம் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமலே மேசையில் ஏறுபவர்கள் அதிகம். நீங்கள் கேட்டுக்கொண்டு போங்கள். முழு மயக்கம் கொடுத்துப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைப்பார்கள். வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைப்பார்கள். அப்போதுதான் கமராவுக்கு இடம் கிடைக்கும். இடப்பக்கம் என்றால் முதலில் பெருங்குடலை மெல்லப் பிரித்து ஒதுக்குவார்கள், மண்ணீரலையும் தள்ளிவைப்பார்கள். பின்னால் மஞ்சள் கொழுப்புக்குள் சிறுநீரகம் இருக்கும். அதிலிருந்து போகும் பெரிய நாளத்தில் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியின் நாளம், விரையிலிருந்து வரும் நாளம், இடுப்புப்பக்க நாளம் எல்லாம் வந்து சேரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைத்து வெட்ட வேண்டும். இதுதான் நேரம் பிடிக்கும் வேலை. மொத்தம் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் ஆகும்.

எல்லாம் விடுபட்டு, நாடி, நாளம் இரண்டில் மட்டும் சிறுநீரகம் தொங்கி நிற்கிற கட்டம் ஒன்று வரும். அந்த நேரம் தியேட்டரில் கதை நின்றுவிடும். அடிவயிற்று வெட்டு முன்பே தயாராக இருக்கும். சிறுநீரகத்தைச் சுருக்குப் பை போன்ற ஒரு பைக்குள் இறக்கி, முதலில் நாடியையும் பிறகு நாளத்தையும் ஸ்டேப்ளரால் அடைத்து வெட்டுவார்கள். அந்த நொடியிலிருந்து அதற்கு இரத்தம் இல்லை, ஆனால் உடம்புச் சூடு இருக்கிறது. பையை இழுத்து வெளியே எடுத்து, பக்கத்து மேசையில் பனிக்கட்டிக் கூழுக்குள் வைத்து, நாடிக்குள் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தை ஓட விடும் வரை சில நிமிடங்கள்தான். கையில் வரும்போது கருஞ்சிவப்பாக இருக்கும். திரவம் ஓட ஓட நிறம் வடிந்து சாம்பல் கலந்த வெள்ளையாகிவிடும். முதல் தடவை பார்ப்பவர் செத்துப்போன உறுப்பு என்றே நினைப்பார். மற்றத் தியேட்டரில் அண்ணனின் நாடியோடும் நாளத்தோடும் தைத்து, பிடித்திருந்த கிளாம்பை விட்டதும் அது கண்முன்னே சிவந்து இறுகும். பல வேளை தைத்து முடிப்பதற்குள் குழாய் நுனியில் சிறுநீர் சொட்டும்.

ஏன் ஸ்டேப்ளர் என்று சொன்னேன் என்றால், இது கொடையாளரின் உயிர் சம்பந்தப்பட்ட இடம். இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அந்த நாடியின் அடிக்கட்டை திறந்துகொண்டால் நிமிடக் கணக்கில் ஆள் போய்விடும். ஒரு காலத்தில் நாடியின் அடிக்கட்டையைப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்பால் அடைத்தார்கள். கிளிப் வழுவிக் கொடையாளர்கள் இறந்திருக்கிறார்கள். 2006இல் அதன் உற்பத்தியாளரே கொடையாளர் சத்திரசிகிச்சையில் இதைப் பாவிக்கக்கூடாது என்று அறிவித்தார். 2011இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை விட்டது. நாடியின் சுவரை ஊடுருவிப் பிடிக்கும் ஸ்டேப்ளர் அல்லது தையல்தான் பாதுகாப்பு. "என் நாடியை எதனால் அடைப்பீர்கள்?" என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. நல்ல நிபுணர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்பது சி.ரி. ஸ்கேனில் தெரியும். நாளம் நீளமாக இருப்பதால் பெரும்பாலும் இடப்பக்கம்தான். இரண்டு சிறுநீரகத்தின் வேலைத்திறனும் ஒன்றுபோல இல்லாவிட்டால், நல்லது எதுவோ அது உங்களோடுதான் இருக்கும். குறைந்ததுதான் அண்ணனுக்கு. இந்த விதியை யாரும் மாற்றக்கூடாது.

சிலருக்குக் கமராவோடு தொடங்கி நடுவில் திறந்த முறைக்கு மாற வேண்டி வரும். நூற்றில் ஒன்று இரண்டு பேருக்கு இது நடக்கும். இரத்தம் கசிந்தால், தெளிவாகத் தெரியாவிட்டால், மாறுவதுதான் புத்திசாலித்தனம். அதை யாரும் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை. சம்மதப் பத்திரத்தில் அதுவும் எழுதியிருக்கும், வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள். தமிழில் விளங்கப்படுத்த ஆள் வேண்டும் என்றால் கேளுங்கள். கொழும்பிலோ கண்டியிலோ சிங்களத்தில் சொல்லித் தலையாட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த முறை கிடைக்குமா? எல்லா இடத்திலும் கிடைக்காது. கருவி, பழகிய கை இரண்டும் வேண்டும். ஒரு குழு திறந்த முறையில் வருடக்கணக்காக நல்ல பெறுபேறு காட்டி வந்தால், தழும்புக்காக அவர்களை விட்டுவிட்டு இப்போதுதான் சாவித்துவாரம் பழகுகிற இடத்துக்குப் போகாதீர்கள். இடையில் சிறு வெட்டுத் திறந்த முறையும் உண்டு, 8, 10 சென்டிமீற்றரில் தசையை வெட்டாமல் விலக்கி எடுப்பது. றோபோ கொண்டு செய்வதும் வெளிநாடுகளில் நடக்கிறது. வைத்தியருக்கு வசதி, கொடையாளருக்குப் பெரிய வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை.

மயக்கம் தெளிந்ததும் வருவதைச் சொல்கிறேன். வெட்டை விட வலது அல்லது இடது தோள்மூட்டு நோகும். நெஞ்சுவலி என்று பயந்து தாதியைக் கூப்பிடுவார்கள். மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை உறுத்துகிறது. அந்தத் தகட்டின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளை தோள் நோகிறது என்று எடுத்துக்கொள்கிறது. எழும்பி நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். வயிறு உப்பும், காற்றுப் போகும் வரை சாப்பாடு மெதுவாகத்தான். மறுநாளே எழுப்பி நடக்கவிடுவார்கள். கால் நாளத்தில் இரத்தம் உறையாமல் இருக்க அந்த நடை முக்கியம்.

ஆண்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: இடப்பக்கம் எடுத்தால் சிலருக்கு இடது விரையில் சில கிழமை அல்லது மாதக்கணக்கில் வலி, வீக்கம், மரமரப்பு இருக்கும். மேலே சொன்ன நாளத்தை அடைத்ததும், அதோடு ஓடும் நரம்பு தொடப்பட்டதும்தான் காரணம். வெட்கப்பட்டு வீட்டில் ஒளித்து வைத்திருக்கவேண்டாம், கிளினிக்கில் சொல்லுங்கள். ஆண்மைக்கும் பிள்ளை பெறுவதற்கும் இதனால் தடையில்லை. சிறுநீரகம் ஒன்று இல்லாததாலும் தடையில்லை.

கடல் விஷயம். பேப்பர் வேலை செய்பவர் இரண்டு மூன்று கிழமையில் வேலைக்குப் போகலாம். வலை இழுப்பதும், எஞ்சினைத் தூக்கி மாட்டுவதும், வள்ளத்தைக் கரையில் தள்ளுவதும் அப்படியில்லை. அடிவயிற்று வெட்டின் உள்தையல் இறுகக் குறைந்தது ஆறு கிழமை வேண்டும். உங்கள் தொழிலுக்கு இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் வெட்டில் குடலிறக்கம் வரும், பிறகு அதற்கு இன்னொரு ஒப்பரேசன். முதல் தடவை போகும்போது காலையில் போய் மத்தியானம் திரும்புகிற ஓட்டமாக இருக்கட்டும். பல நாள் கலத்தில் ஏறுவதை இன்னும் சில மாதம் தள்ளிப்போடுங்கள், நடுக்கடலில் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் கரை தூரம்.

திகதியைத் தெரிவு செய்ய வாய்ப்புத் தந்தால், ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கி எங்கள் பக்கத்துக் கடல் குழம்புகிற காலத்தைப் பாருங்கள். எப்படியும் தொழில் குறைகிற மாதங்கள் அவை, வருமான இழப்பும் குறையும். அத்தோடு ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற வெயிலுக்குள் புதுக்காயத்தோடு கிடந்து வியர்க்கத் தேவையில்லை. ஆனால் அண்ணனின் உடம்பு காத்திருக்குமா என்பதுதான் முதலில். மழைக்கும் கடலுக்கும் ஏற்றபடி அவருக்குத் திகதி வராது.

திரும்பி வருகிற பயணத்தையும் யோசியுங்கள். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் அளவு. துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அடுத்த நாளே ஹபரணை வழியாக இரவு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருவது மடத்தனம். முடிந்தால் முதல் கிழமை வைத்தியசாலைக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருங்கள். வரும்போது வாகனத்தை இடையிடையே நிறுத்தி இறங்கி நடவுங்கள்.

இதுவரை சொன்னது காயத்தைப் பற்றி. காயம் சாவித்துவாரமோ திறந்ததோ, மூன்று மாதத்தில் அந்தக் கதை முடியும். மீதி வாழ்நாள் ஒரு சிறுநீரகத்தோடுதான். துளை சின்னது என்பதற்காக இந்தப் பக்கத்தின் எடை குறையாது. சொல்லப்போனால் "சும்மா சின்ன ஒப்பரேசன்தான்" என்று சொல்லி ஆளை இணங்க வைப்பது இந்த முறை வந்தபின் கூடிவிட்டது. எனக்கு அதில் கோபம் உண்டு. கொடுப்பதா இல்லையா என்பதை வெட்டின் நீளத்தை மறந்துவிட்டு முடிவு செய்யுங்கள். எப்படி எடுப்பது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

எண்களைச் சொல்கிறேன், எல்லாம் அமெரிக்காவின் பெரிய பதிவேடுகளிலிருந்து வந்தவை. கொடுத்து 90 நாளுக்குள் இறந்தவர்கள் முன்பு பத்தாயிரத்தில் 3 பேர் அளவு. 2013 முதல் 2022 வரையான பத்து வருடத்தில் அது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போயிருக்கிறது. பெரிய சிக்கல் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு. பிற்காலத்தில் தானே டயலிசிஸுக்குப் போகும் அபாயம், வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால், கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 பேர். அதே அளவு ஆரோக்கியமான, கொடுக்காத ஆட்களில் 14 பேர். பரிசோதிக்காத பொதுசனத்தில் 326 பேர். 90ஐ 14ஓடு ஒப்பிட்டால் கூடத்தான். 326ஓடு ஒப்பிட்டால் குறைவு. இரண்டாவது ஒப்பீட்டை மட்டும் சொல்லி ஆறுதல்படுத்துகிறவர்கள் உண்டு. நியாயமான ஒப்பீடு முதலாவதுதான், ஏனென்றால் நீங்கள் எல்லாப் பரிசோதனையிலும் தேறினால்தான் கொடுப்பீர்கள்.

மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து, கூட வேலை செய்யப் பழகும். இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் எழுபது வீதம் அளவுக்கு வரும். ஆகவே உங்கள் கிரியற்றினின் (சிறுநீரகம் வடிக்க வேண்டிய ஒரு கழிவு, இரத்தத்தில் மைக்ரோமோல் கணக்கில் பார்ப்பது) முன்பு 80 இருந்தால் பிறகு 110, 120 என்று நிற்கும். பிற்காலத்தில் வேறு ஏதோ வருத்தத்துக்குப் போகும்போது புதிய வைத்தியர் அதைப் பார்த்துச் சிறுநீரக நோய் என்று எழுதிவிடக்கூடும். கொடையாளர் என்பதை எப்போதும் முதலில் சொல்லுங்கள். வருடம் ஒருக்கா பிரசர், கிரியற்றினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் மூன்றும் பார்க்கவேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும், ஆனால் வெயிலில் வள்ளத்தில் நிற்பவருக்குத் தாகம் தெரிவதற்கு முன்பே உடம்பு வறண்டுவிடும். ஆகவே போத்தல் கூடக் கொண்டுபோங்கள். உடம்பு நோ என்று பாமசியில் டைக்ளோபெனக் வாங்கி விழுங்கும் பழக்கம் மீன்பிடிக்காரரிடம் நிறைய. அதை இன்றோடு விடுங்கள். பனடோல் போதும். பெயர் தெரியாத கசாயமும் வேண்டாம். மூதூர், கந்தளாய் பக்கம் வயலுக்கு இறங்குகிற ஆள் யாராவது இதை வாசித்தால், எலிக்காய்ச்சல் காலத்தில் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் தடுப்பு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். அந்த நோய் சிறுநீரகத்தையும் அடிக்கக்கூடியது, ஒன்றைக் கொடுத்தவருக்கு மற்றது இல்லை. சுருட்டு, சிகரெட் என்றால் ஒப்பரேசனுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகு தொடாமலே விடுவது நல்லது.

அண்ணனுக்கு ஏன் பழுதானது என்ற கேள்வி உங்கள் பக்கத்திலும் முக்கியம். சீனி வருத்தமா, பிரசரா, பரம்பரையாக வருகிற நீர்க்கட்டி நோயா? பரம்பரை நோய் என்றால் உங்களுக்கும் இருக்கக்கூடும், முதலில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக உள்ள பதவிசிறிபுர போன்ற இடங்களில் வளர்ந்த சகோதரர்கள் என்றால் இன்னும் கவனம். அண்ணன் குடித்த கிணற்றில்தான் தம்பியும் குடித்திருப்பார்.

இனி, அம்மாவா நீங்களா. கேட்கக் கொடுமையாகத் தெரியலாம், ஆனால் அம்மாவுக்கு ஐம்பதுகளில் வயது என்றால், பிரசரும் சீனியும் இல்லையென்றால், நான் அம்மாவைத்தான் முதலில் பரிசோதிக்கச் சொல்வேன். 55 வயதில் ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு என்ன நோய் வரும் வராது என்பது பெரும்பாலும் தெரிந்துவிட்டது. 31 வயதில் அது தெரியாது. உங்களுக்கு 45 வயதில் சீனி வருமா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அத்தோடு உயிருள்ளவரிடமிருந்து கிடைத்த சிறுநீரகம் சராசரியாக 15, 20 வருடம் ஓடும். அண்ணனுக்கு 38. அவருக்கு 55 வயதாகும்போது இரண்டாவது தேவைப்படலாம். அன்றைக்கு அம்மாவால் கொடுக்க ஏலாது, உங்களால் ஏலும். தாயின் இழையம் பிள்ளையோடு எப்போதும் பாதி பொருந்தும். சகோதரர்களுக்கிடையே முழுப் பொருத்தம் நான்கில் ஒரு வாய்ப்பு, பாதிப் பொருத்தம் இரண்டில் ஒன்று, ஒன்றுமே பொருந்தாதது நான்கில் ஒன்று. உங்களுக்கு முழுப் பொருத்தம் வந்துவிட்டால் நான் சொன்னதை வைத்தியர்கள் திரும்ப யோசிப்பார்கள். இரத்த வகை ஒத்துப்போக வேண்டும், ஓ வகை எவருக்கும் கொடுக்கலாம். பொசிட்டிவ், நெகட்டிவ் இதில் கணக்கில்லை. அதற்காக ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், வீண்.

தங்கச்சி யாராவது முன்வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்தபின் கர்ப்பமான பெண்களில் நூற்றுக்கு 11 பேருக்குக் கர்ப்பகாலப் பிரசர் அல்லது வலிப்புக்கு முந்திய நிலை வந்தது, கொடுக்காதவர்களில் 5 பேருக்கு. பிள்ளை பெறலாம், பெரும்பாலானோர் நலமாகவே பெறுகிறார்கள். பிள்ளைப்பேறு முடிந்தபின் கொடுப்பது இன்னும் நல்லது.

காசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டத்தின்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். அரச வைத்தியசாலையில் ஒப்பரேசனுக்குக் காசு இல்லை. தரகர் யாராவது "வேறு ஆள் பார்த்துத் தருகிறேன்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2016இல் இப்படியான வலை ஒன்று தெலுங்கானாவில் அகப்பட்டபோது, இங்கே வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையையே அரசு நிறுத்தி வைத்தது. சென்னைக்குப் போகிற எண்ணம் இருந்தால், நெருங்கிய சொந்தம் என்பதற்குத் தூதரகம் வரை போகும் பத்திரங்கள் தேவை, பிறப்புச் சாட்சிப்பத்திரங்களை இப்போதே எடுத்து வையுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிப்பார்கள். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து பதிவு பிந்திய குடும்பம் என்றால் இதற்கே மாதம் போகும்.

கடைசியாக, பரிசோதனை நாட்களில் உங்களோடு தனியாகக் கதைக்கச் சொல்லி வைத்தியரைக் கேளுங்கள். அம்மாவும் அண்ணியும் இல்லாத நேரத்தில். மனநல வைத்தியரும் பார்ப்பார், அது வழமையான நடைமுறை, உங்களைச் சந்தேகப்படுவதாக எடுக்க வேண்டாம். அந்த அறையில் "எனக்கு மனமில்லை" என்று சொன்னால், காரணம் வெளியே போகாது. "பரிசோதனையில் பொருத்தமில்லை" என்று மட்டும்தான் குடும்பத்துக்குச் சொல்வார்கள். மயக்க மருந்து ஏறும் நிமிடம் வரைக்கும் மனம் மாற உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேருக்கும் இரத்த வகை, பிரசர், சீனி, 24 மணித்தியாலச் சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். இவற்றை இங்கேயே, திருகோணமலையிலேயே தொடங்கலாம். இழையப் பரிசோதனைக்கும் சி.ரி. ஸ்கேனுக்கும்தான் பிறகு வெளியே அனுப்புவார்கள்.